87.7-இல் ஸ்பானிஷ் பாட்டு: இது வானொலியா, தொலைக்காட்சியா?

வேப்பமரம்

போன வாரம் காருக்கு பேட்டரி மாற்றினேன். மாற்றியதும் ரேடியோவில் சேமித்து வைத்திருந்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிட்டது. சரி, முதலிலிருந்து தேடட்டும் என்று தேடல் பட்டனை அழுத்தினேன். ஆரம்பத்திலேயே, 87.7-இல் போய் நின்றது. ஒரு பச்சாட்டா பாட்டு, ஸ்பானிஷில் பாடும் நடன இசை. பாட்டு முடிந்ததும் ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார், நடுவில் "ஒச்சென்ட்டா இ சியெத்தே புந்தோ சியெத்தே" என்று அலைவரிசை எண்ணைச் சொன்னார். நான் இருப்பது வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டியில். பதினொரு வருடமாக இதே ஊர், இதே சாலை. இந்த ஸ்டேஷன் இருப்பதே எனக்குத் தெரியாது.

இடித்தது அந்த எண்தான். அமெரிக்காவில் எஃப்எம் 88-இல் தொடங்கி 108-இல் முடிகிறது. வழக்கமாக முதல் ஸ்டேஷன் 88.1, கடைசி 107.9. அப்படியானால் 87.7 எங்கிருந்து வந்தது? திருட்டு ஒலிபரப்போ என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் பெயர் "லா நுவேவா 87.7" என்கிறார்கள். உரிமம் யார் பெயரில் என்று பார்த்தால் தலை சுற்றியது. டபிள்யூடிசிஎன்-எல்டி, ஃபேர்ஃபாக்ஸ், சேனல் 6, குறைந்த சக்தித் தொலைக்காட்சி நிலையம். தொலைக்காட்சி!

என்னிடம் டிவியும் இருக்கிறது, ஆன்டெனாவும் இருக்கிறது. இப்படி ஒரு சேனல் அதில் வந்ததே இல்லை. காரில் மட்டும் கணீரென்று வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். மாமா இருக்கிறாரா?

ஆன்டெனா மாமா

இருக்கிறேன் தம்பி. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு டிவி சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். சேனல் 6-க்குக் கொடுத்த இடம் 82 முதல் 88 வரை. எஃப்எம் தொடங்குவது 88-இல். அதாவது சேனல் 6-இன் பின்சுவரும் எஃப்எம்மின் முன்சுவரும் ஒன்றே. இது ஒன்று.

இரண்டாவது, பழைய அனலாக் டிவியில் படம் ஒரு கேரியர், ஒலி இன்னொரு கேரியர். கேரியர் என்றால் சுமந்துபோகும் அலை. படம் ஏஎம் முறையில், ஒலி எஃப்எம் முறையில் போகும். ஒலி எப்போதும் படத்துக்கு 4.5 மெகாஹெர்ட்ஸ் மேலே. சேனல் 6-இல் படம் 83.25, ஒலி 87.75. இப்போது புரிகிறதா? வேறெந்த சேனலின் ஒலியும் எஃப்எம் ரேடியோவின் பக்கத்திலேயே வராது. சேனல் 5 ஒலி 81.75, சேனல் 7 ஒலி 179.75. இந்த ஒன்றின் ஒலி மட்டும் எஃப்எம் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை. 1945-இல் எஃப்எம்மைப் பழைய 42-50 மெகாஹெர்ட்ஸ் இடத்திலிருந்து கிளப்பி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். வைத்த இடம் சேனல் 6-க்குப் பக்கத்து மனையாகிவிட்டது. அவ்வளவுதான்.

பிலடெல்பியாவில் டபிள்யூபிவிஐ என்ற பெரிய நிலையம் சேனல் 6-இல் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் காரில் போகும்போது டிவி செய்தியை 87.7-இல் கேட்டுக்கொண்டே போவார்கள். 2009 ஜூன் 12-இல் பெரிய நிலையங்களெல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோது அது நின்றது. "காரில் செய்தி வரவில்லையே" என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

சிறிய நிலையங்களுக்கு மட்டும் அந்தத் தேதி பொருந்தவில்லை. அங்கேதான் உங்கள் ஸ்பானிஷ் பாட்டு தொடங்குகிறது.

புளியோதரை

மாமா, ஒலி 87.75 என்கிறீர்கள். ரேடியோவில் 87.7 தானே இருக்கிறது?

ஆன்டெனா மாமா

50 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் ரேடியோ கோபித்துக்கொள்ளாது. ரேடியோவின் வடிகட்டி ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும். பழைய முள் வைத்த செட்டாக இருந்தால் கையாலேயே சரியான இடத்தில் நிறுத்தலாம்.

கொக்குவில் ரேடியோ

இதை வாசிக்க எனக்கு எங்கட வான் ஞாபகம் வந்தது. இலங்கையில ஓடுற பாவித்த ஜப்பான் வாகனங்களில ரேடியோ 76-இல தொடங்கி 90-ஓட நிற்கும். எங்கட எஃப்எம் பெரும்பாலும் அதுக்கு மேலதான். அதனால ஆன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி பூட்ட வேணும். பூட்டின பிறகு செட் காட்டுற எண் ஒன்று, உண்மையான எண் இன்னொன்று. அப்பா ஒரு துண்டில இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில எழுதி டாஷ்போர்டில ஒட்டி வைத்திருந்தார். வெயிலில மை மங்க மங்க அதுக்கு மேலேயே திரும்ப எழுதுவார்.

ஆனால் ஜப்பானிலயும் இதே கதை நடந்திருக்கு, தெரியுமா? அங்க அனலாக் டிவியின்ர 1, 2, 3 சேனல்கள் 90-இல இருந்து 108 வரைக்கும் இருந்தது. ஒலி 95.75, 101.75, 107.75. கடையில விற்ற ரேடியோக்களில இந்த மூன்றையும் கேட்கிற வசதியே வைத்து வித்தவை. டோக்கியோவில என்எச்கே 1-இலயும் 3-இலயும் இருந்தபடியால் சமையலறையில ரேடியோவில டிவி கேட்கிறது சாதாரண விஷயம். 2011 ஜூலை 24-ஓட பெரும்பாலும் எல்லாம் நின்றுபோச்சு. பிறகு அந்த 90-95 இடத்தை ஏஎம் நிலையங்களுக்கு எஃப்எம்மிலயும் வரக் கொடுத்தவை.

அங்க டிவியை ரேடியோவில கேட்டார்கள். உங்கட ஊரில டிவி உரிமத்தை வைத்து ரேடியோவே நடத்துகினம். அதுதான் வித்தியாசம் போல.

வேப்பமரம்

அந்தத் துண்டுக் காகிதம் அருமை. எங்கள் வீட்டிலும் அப்பா டிரான்சிஸ்டரின் பின்மூடியில் சிற்றலை எண்களைப் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்.

கணக்கு இடிக்குதே

எனக்கு இந்த ரசனையெல்லாம் இல்லை. நேராகக் கேட்கிறேன். டிவி நடத்துவதாகச் சொல்லி உரிமம் வாங்கிவிட்டு ரேடியோ நடத்தினால் அது பின்வாசல் வழியாக நுழைவதுதானே? வீடு கட்ட அனுமதி வாங்கி மண்டபம் கட்டி வாடகைக்கு விடுகிற மாதிரி. இந்த நிலையங்கள் பலவற்றில் திரையில் என்ன வந்தது தெரியுமா? ஒரு நிலைப்படம், இல்லையென்றால் ஏதாவது எழுத்துகள். யாருக்காக? யாரும் பார்க்கவில்லை என்று அவர்களுக்கே தெரியும். படம் என்பது சும்மா பேருக்கு.

எஃப்எம் உரிமத்துக்காகக் கோடிக் கணக்கில் கொட்டியவன் முட்டாளா? இவர்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த பட்டப்பெயரே "ஃபிராங்கன் எஃப்எம்". உறுப்பு உறுப்பாக ஒட்டித் தைத்த பூதம். பொருத்தமான பெயர்.

சிகாகோ சித்தப்பா

கணக்கு சார், பூதம் என்றாலும் பாட்டு நன்றாகப் போடும் பூதம். எங்கள் ஊரில் 87.7 என்றால் மீடிவி எஃப்எம். 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அறுபதுகள், எழுபதுகளின் மென்மையான பாட்டுகள். என் மனைவி சமைக்கும்போது வேறு எதையும் வைக்க விடமாட்டார். நேயர் கணக்கெடுப்பில் ஒழுங்கான எஃப்எம் நிலையங்களோடு சேர்ந்து இதுவும் இடம் பிடித்தது. அதற்கு முன்னால் அதே 87.7-இல் ராக், விளையாட்டுப் பேச்சு என்று ஆள் மாறி ஆள் வந்து முயன்று பார்த்தார்கள். நியூயார்க்கில் 2008-இல் பல்ஸ் 87 என்று ஒரு நடனப்பாட்டு நிலையம் இதே வழியில் வந்தது. அது நிலைக்கவில்லை.

டிவி உரிமம் என்பதே எனக்கு இந்த இழையில்தான் தெரிகிறது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்று மட்டும்: மற்ற ஸ்டேஷனிலிருந்து இதற்கு மாறினால் சத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கும். அது ஏன் மாமா?

ஆன்டெனா மாமா

கவனித்திருக்கிறீர்கள். பலர் கவனிப்பதில்லை, குமிழைத் திருகிவிட்டுப் போய்விடுவார்கள்.

எஃப்எம் ரேடியோவில் சத்தம் கூடும்போது அலை இரண்டு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடலாம். டிவி ஒலிக்கு விதித்தது 25 மட்டுமே. ரேடியோப் பெட்டி 75-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, வருவது மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் பக்கத்து ஸ்டேஷனைவிட அமுங்கிக் கேட்கும்.

ஸ்டீரியோவும் அப்படித்தான். ரேடியோவுக்கு "இது ஸ்டீரியோ" என்று சைகை காட்டும் பைலட் 19 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். அமெரிக்க டிவி ஸ்டீரியோவில் அது 15.734. ரேடியோ அதைக் கண்டுகொள்ளாது, மோனோவாகவே பாடும். அப்புறம் ஆன்டெனா. டிவி அலை பொதுவாகக் கிடைமட்டமாகப் போகும், கூரையில் படுக்கவைத்த ஆன்டெனா நினைவிருக்கிறதா? காரின் கம்பியோ நிமிர்ந்து நிற்கிறது. ஆகவே ரேடியோவாக நடத்த நினைத்தவர்கள் டிவி ஆன்டெனாவையே நிமிர்த்தி வைத்தார்கள். டிவி பார்ப்பவனைக் கைவிட்டுவிட்டுக் காரில் போகிறவனுக்காகக் கம்பியைத் திருப்பியாகிவிட்டது என்றால், அவர்கள் யாருக்காக நடத்தினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் கணக்கு சார் சொல்வது சரி.

கணக்கு இடிக்குதே

நன்றி மாமா. ஒப்புக்கொண்டதற்கு.

வேப்பமரம்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இதைக் கொஞ்சம் இந்த ஊரில் நின்று பார்க்க வேண்டும் கணக்கு சார்.

வாஷிங்டன் வட்டாரத்தில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களில் எல் சால்வடோர்காரர்கள்தான் அதிகம். என் அலுவலகக் கட்டடத்தை இரவில் துடைப்பவர், தெருவில் தார் போடுபவர், வீட்டுக்குக் கூரை மாற்ற வந்தவர்கள், எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். போன கோடையில் எங்கள் கூரையை மாற்றினார்கள். ஆறு பேர். முதலில் மேலே ஏறியது ஆணியும் இல்லை, சுத்தியும் இல்லை. பெயின்ட் தெறித்த ஒரு ரேடியோ. மதியம் சாப்பிட இறங்கியபோதுகூட அதை அணைக்கவில்லை. என்ன ஸ்டேஷன் என்று அப்போது நான் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் பார்த்திருக்கலாம்.

அவர்களுக்கு ஒரு எஃப்எம் வேண்டுமென்றால் என்ன வழி? பெரிய நகரங்களில் 88-க்கும் 108-க்கும் நடுவே இடமே காலியில்லை. இருப்பதை விலைக்கு வாங்கப் பெரும்பணம் வேண்டும். சமூக வானொலி மாதிரி குறைந்த சக்தி எஃப்எம் உரிமம் என்று ஒன்று 2000 முதல் உண்டு. ஆனால் அதிகபட்சம் 100 வாட், விளம்பரம் போடக்கூடாது, நினைத்தபோது விண்ணப்பிக்கவும் முடியாது. 2013-இல் ஒருமுறை கதவைத் திறந்தார்கள், அடுத்தது 2023-இல். குறைந்த சக்தி டிவி உரிமம் 1982-இலிருந்தே இருக்கிறது. விளம்பரம் போடலாம். சேனல் 6-இல் இருந்த அனலாக் நிலையத்துக்கு 3 கிலோவாட் வரை அனுமதி இருந்தது. அதில் ஒலிக்குப் போனது சிறு பங்குதான், இருந்தாலும் 100 வாட்டைவிடப் பரவாயில்லை.

முன்வாசலில் பூட்டுப் போட்டிருந்தால் மனிதன் பின்வாசலைப் பார்ப்பான். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஏன் நடந்தது என்று சொல்கிறேன்.

கணக்கு இடிக்குதே

அதே 88-க்குப் பக்கத்தில், 88.1 முதல் 91.9 வரை, விளம்பரமில்லாத கல்வி நிலையங்களுக்கும் பொது வானொலிகளுக்கும் ஒதுக்கிய இடம். இவர்கள் 87.75-இல் நின்றுகொண்டு கத்தினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான். அதனால்தான் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் இதை எதிர்த்தது. பாவப்பட்டவர்கள் ஒரு பக்கம் மட்டும் இல்லை.

விதிப்புத்தகம்

உள்ளே வரலாமா? இந்த வழக்கை நான் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேதிகளோடு சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சண்டையைத் தொடரலாம்.

குறைந்த சக்தி டிவிகள் அனலாக்கை நிறுத்த, அமெரிக்காவில் ஒலிபரப்பு உரிமம் கொடுக்கும் ஆணையமான எஃப்சிசி முதலில் வைத்த கெடு 2015 செப்டம்பர் 1. 2014-இலேயே "இந்த ரேடியோ வேலையை அனுமதிக்கலாமா" என்று கருத்துக் கேட்டார்கள், முடிவு சொல்லவில்லை. 2015 ஏப்ரலில் அந்தக் கெடுவையே தள்ளி வைத்தார்கள். கடைசியில் வந்தது 2021 ஜூலை 13. டிஜிட்டலுக்குப் போனால் படமும் ஒலியும் ஒரே தரவு மூட்டையாகிவிடும், தனி ஒலி கேரியர் கிடையாது. 87.75-இல் எதுவும் மிஞ்சாது. எல்லா ஃபிராங்கனும் அன்றோடு செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. கெடுவுக்கு ஒரு மாதம் முன்னால், 2021 ஜூனில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நிலையமான கேபிகேஎஃப்-எல்டிக்கு ஒரு தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். ஏடிஎஸ்சி 3.0 என்ற புதுத் தலைமுறை டிஜிட்டல் முறையில் டிவி ஒளிபரப்பு. அதே 6 மெகாஹெர்ட்ஸுக்குள், மேல் ஓரத்தில், பழைய அனலாக் ஒலி தனியாக. ஒரே வீட்டில் புது மருமகளும் பழைய மாமியாரும். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

2023 ஜூலை 20-இல் எஃப்சிசி இறுதி உத்தரவு போட்டது. ஏற்கெனவே தற்காலிக அனுமதியில் ஓடிக்கொண்டிருந்த 14 நிலையங்கள் மட்டும் தொடரலாம். புதிதாக யாருக்கும் கிடையாது. இலவச டிஜிட்டல் டிவி நிகழ்ச்சி ஒன்றாவது, படமும் ஒலியும் பொருந்தி, ஒழுங்காக வர வேண்டும். யாருக்கும் இடைஞ்சல் செய்யக்கூடாது. இந்த ரேடியோ வேலையை டிவி உரிமத்தின் துணைச் சேவை என்று வகைப்படுத்தி, அதில் வரும் மொத்த வருமானத்தில் 5 சதவீதம் கட்ட வேண்டும். ஆகவே கணக்கு சார், இப்போது இது பின்வாசல் இல்லை. பின்வாசலுக்கு முறைப்படி கதவு எண் கொடுத்து வரியும் வசூலிக்கிறார்கள்.

கணக்கு இடிக்குதே

கதவு எண் கொடுத்துவிட்டால் ஆக்கிரமிப்பு பட்டா ஆகிவிடும். நம்மூரில் பார்க்காததா.

புளியோதரை

😂 ஏரிப் புறம்போக்கு 87.7

ஆன்டெனா மாமா

விதிப்புத்தகம் சொன்னதில் ஒரு நுணுக்கம். பழைய டிஜிட்டல் முறையில் இப்படிச் செய்வது கடினம், அது 6 மெகாஹெர்ட்ஸையும் ஏறத்தாழ ஓரம்வரை நிரப்பிவிடும். 3.0-இல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கேரியர்களை அடுக்கித்தான் தரவை அனுப்புகிறார்கள். ஓரத்தில் சிலவற்றைக் கழற்றிவிடலாம். மொத்த அகலம் 5.5 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்கும். மிச்சமாகும் கீற்றில் பழைய ஒலி. பேருந்தில் மூன்று பேர் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து நாலாவது ஆளுக்கு இடம் கொடுப்பது மாதிரி. தள்ளி உட்கார மனமிருந்தால் இடம் உண்டு.

வேப்பமரம் தம்பி, உங்கள் டிவியில் அந்த சேனல் வராததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். 3.0 ட்யூனர் இல்லாத டிவி அதைப் பிடிக்காது.

இன்னொன்று. என்பிஆர் எதிர்த்தது மட்டுமில்லை, மாற்று யோசனையும் வைத்தது. 82-88 இடத்தை எஃப்எம்முக்கே கொடுங்கள் என்று. 6 மெகாஹெர்ட்ஸில் 200 கிலோஹெர்ட்ஸ் வீதம் வெட்டினால் 30 எஃப்எம் அலைவரிசை. பிரேசில் இதைச் செய்தே விட்டது. பழைய சேனல் 5, 6 இடத்தை, 76 முதல் 88 வரை, நீட்டித்த எஃப்எம் என்று அறிவித்து, 2021-இலிருந்து ஏஎம் நிலையங்களை அங்கே குடியேற்றுகிறார்கள். எஃப்சிசி அந்த வழிக்குப் போகவில்லை. என்னைக் கேட்டால் பிரேசில் வழிதான் நேர்மையானது. 14 பேருக்கு மட்டும் சலுகை என்பதைவிட எல்லாருக்கும் 30 இடம் என்பது மேல்.

கணக்கு இடிக்குதே

மாமா, இதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

விதிப்புத்தகம்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 88-க்குக் கீழே எடுக்கும் ரேடியோ அமெரிக்கர்களிடம் எத்தனை இருக்கிறது? புது இடத்தில் நிலையம் வைத்துவிட்டு, கேட்கப் பெட்டி இல்லையென்றால் முதல் பத்து வருடம் யார் விளம்பரம் கொடுப்பார்கள்? 87.7-இன் மதிப்பே பழைய பெட்டியிலும் அது வருகிறது என்பதுதான்.

ஸ்கார்பரோ சிவப்பு அரிசி

பெட்டி என்றதும் நான் சொல்லாமல் இருக்க முடியாது. டொரொன்டோவில் தமிழ் ரேடியோ கேட்கத் தனிப் பெட்டி வைத்திருந்த காலம் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

எஃப்எம் நிலையத்தின் அலைக்குள்ளேயே, சாதாரண ரேடியோவுக்குக் கேட்காத உயரத்தில், இன்னொரு ஒலியை ஒளித்து அனுப்பலாம். துணைக்கேரியர் என்பார்கள். கனடாவில் அதை வாடகைக்கு எடுத்துத்தான் தமிழ் வானொலிகள் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடின. அதைப் பிடிக்கத் தனி ரேடியோ வாங்க வேணும். தமிழ்க் கடையில மிளகாய்த்தூளுக்கும் அப்பளத்துக்கும் பக்கத்தில அந்தப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அம்மம்மா அதைச் சமையலறை யன்னலில வைத்திருந்தவ. ஆன்டெனாக் கம்பியின்ர நுனியில அலுமினியத் தாள் சுத்தி. ஒரு விரற்கடை நகர்த்தினால் இரைச்சல். அதனால தூசு துடைக்கிறபோதும் அதைத் தொட ஒருவரையும் விடமாட்டா. மரண அறிவித்தல் போகிற நேரம் வீட்டில ஒருவரும் கதைக்கக் கூடாது.

அதுவும் இடம் கிடைக்காதவன் இடுக்கில நுழைஞ்ச கதைதான். அம்மம்மாவுக்கு அது சட்டப்படி என்ன வகைச் சேவை என்று ஒருநாளும் தெரிஞ்சதில்லை. ரேடியோ என்றே சொன்னவ. ஆனால் ஒன்று. எங்கட ஆக்கள் காசு குடுத்துத் தனிப் பெட்டி வாங்க வேண்டி இருந்தது. ஸ்பானிஷ்காரருக்கு 87.7 எல்லாருடைய காரிலயும் சும்மா வருகுது. அதிர்ஷ்டம்.

கொக்குவில் ரேடியோ

அம்மம்மாவின் அலுமினியத் தாள். ஐயோ, எங்கட வீட்டிலயும்.

வேப்பமரம்

சிவப்பு அரிசி, இதற்காகவே இழை தொடங்கியதில் எனக்குத் திருப்தி.

"சும்மா வருகிறது" என்றீர்களே, அது முழுக்க உண்மையா என்று பார்க்க நேற்று வீட்டிலிருந்த எல்லா ரேடியோவையும் மேசையில் அடுக்கினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்வையாலேயே சொன்னாள். ஐந்து பெட்டி. கார் 87.7-ஐ எடுக்கிறது. படுக்கையறைக் கடிகார ரேடியோ 88.1-க்குக் கீழே இறங்க மறுக்கிறது, சுற்றி 107.9-க்குப் போய்விடுகிறது. குளியலறை ஸ்பீக்கர் 87.5-இலிருந்து தொடங்குகிறது, எடுத்தது. பையனின் பழைய சின்ன ரேடியோ எண் காட்டுகிறது, ஆனால் ஒரே இரைச்சல்.

ஐந்தாவதுதான் விசேஷம். அப்பா சென்னையிலிருந்து வரும்போது கொண்டுவந்த டிரான்சிஸ்டர், முள் வைத்தது. இந்தியாவில் எஃப்எம் 87.5-இலிருந்து தொடங்குவதால் அதில் 88 என்ற எழுத்துக்கு இடப்பக்கம் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது. முள்ளை அந்த வெற்றிடத்துக்குத் தள்ளினேன். ஐந்திலேயே அதுதான் தெளிவாக எடுத்தது. பதினொரு வருடமாகப் பரணில் கிடந்த பெட்டி.

ஆன்டெனா மாமா

மாமாவுக்கு ஆச்சரியமில்லை. முள் வைத்த பெட்டியில் 87.75-இன் நடு மையத்திலேயே நிறுத்தியிருப்பீர்கள். டிஜிட்டல் பெட்டி 87.7 அல்லது 87.9 என்று தாவும்.

சிகாகோ சித்தப்பா

ஒரு புகார் எனக்கும் உண்டு. கைப்பேசிப் பாட்டைக் காரில் கேட்க, சிகரெட் லைட்டரில் செருகுகிற சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் விற்கிறார்களே, அதை நம்மவர்கள் 87.7-இல் வைத்துவிடுகிறார்கள், காலி இடம் என்று நினைத்து. சிக்னலில் பக்கத்துக் கார் வந்து நின்றால் என் பாட்டு போய் அவர் பாட்டு வரும். ஒருமுறை ஏதோ பழைய ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் சுப்ரபாதம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்துக் காரில் விபூதி போட்ட ஒருவர். கையசைத்தேன், காரணம் புரியாமல் அவரும் கையசைத்தார்.

புளியோதரை

அப்போ அந்த நிமிடத்தில் அவர்தான் உண்மையான ஃபிராங்கன் எஃப்எம்.

சரி, எனக்கொரு நடைமுறைக் கேள்வி. அடுத்த மாதம் நியூஜெர்சி வருகிறேன். அங்கே போய் ரேடியோ வாங்கட்டுமா, இங்கிருந்து எடுத்து வரட்டுமா?

ஆன்டெனா மாமா

இங்கிருந்தே எடுத்துப் போ. 87.5-இல் தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு. பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும், அங்கே கரன்ட் 120 வோல்ட்.

கணக்கு இடிக்குதே

நான் இன்னும் மனம் மாறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆனால் நேற்றிரவு இணையத்தில் போய் அந்த லா நுவேவாவைக் கொஞ்சம் கேட்டேன். ஆராய்ச்சிக்காகத்தான்.

வேப்பமரம்

எத்தனை மணி நேரம் ஆராய்ச்சி?

கணக்கு இடிக்குதே

அது எதற்கு உங்களுக்கு.

வேப்பமரம்

😄 "லா நுவேவா" என்றால் புதியவள் என்று பொருளாம். ஸ்பானிஷில் ரேடியோ பெண்பால். டிவியும் பெண்பால்தான், அதனால் பெயரை வைத்தும் வழக்கை முடிக்க முடியாது.

இன்று காலை கூரைக்காரர்களின் மேஸ்திரிக்கு போன் செய்தேன், ஒரு ஓடு தளர்ந்திருக்கிறது. பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ரேடியோ ஓடுவது கேட்டது. எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். "எந்த ஸ்டேஷனா? முதல் ஸ்டேஷன், ஐயா" என்றார். வியாழக்கிழமை வருகிறார்கள். முள்ளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.